கல்லில் எண் இருக்கிறது, பெயர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் வேலை நிமித்தமாக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பழைய சாவடித் திண்ணையில் காத்திருந்தபோது சுவரில் பதித்திருந்த ஒரு பளிங்குப் பலகை கண்ணில் பட்டது. வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களை அடைத்திருந்தது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்த பிறகுதான் வாசிக்க முடிந்தது. ஆங்கிலத்தில் சில வரிகள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இரண்டு எண்கள். ஒரு பெயர்கூட இல்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் பிரிட்டிஷ் அரசு இதே வாசகத்தோடு பலகைகள் வைத்தது. நம் மாநிலத்திலும் பல ஊர்களில் இருக்கின்றன. சண்டை 1918 நவம்பரிலேயே ஓய்ந்துவிட்டதே, 1919 என்று தப்பாக வெட்டிவிட்டார்களோ என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். தப்பில்லை. ஜெர்மனியோடு போரை முறைப்படி முடித்துவைத்த வெர்சேய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூனில்தான்.

நான் துடைப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "யார் யார் போனாங்கன்னு தெரியுமா ஐயா?" என்று கேட்டேன். "கல்லு தெரியும் தம்பி, ஆளு தெரியாது. எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் போனார். பஸ்ரா பக்கம் செத்துட்டார்னு சொல்லுவாங்க" என்றவர், எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு துணி முடிச்சோடு திரும்பினார். உள்ளே கறுத்துப்போன வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். அதை வெயிலில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைக் காட்டினார். பொடி எழுத்தில் ஒரு எண், 'சாப்பர்' (பாலம், பாதை போடும் பொறியியல் படைச் சிப்பாய்) என்ற பதவி, ஒரு தமிழ்ப் பெயர், படைப்பிரிவு. மதராஸ் சாப்பர்கள் என்று நாம் சொல்லும் படை அது. அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சுவரில் வெறும் எண்ணாக இருப்பவரின் பெயர், துணி முடிச்சுக்குள் ஒரு பதக்கத்தின் விளிம்பில் இருக்கிறது. அந்த ஊரில் இதே பதக்கத்தை வெள்ளிதானே என்று உருக்கிவிட்ட வீடுகளும் உண்டு என்றார் பெரியவர்.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்து கல்லறையும் தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் இல்லை. படைப்பிரிவின் கீழே 'மேலும் இத்தனை பேர்' என்ற கணக்கில் அவன் அடங்கிவிட்டான். பதவி, இனம், மதம் பாராமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும் என்ற கொள்கையோடு 1917-இல் தொடங்கிய போர்க்கல்லறை ஆணையம் கட்டியது அது. இந்தப் பாகுபாட்டை அந்த ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. புறப்பட்ட ஊரிலும் எண், செத்த ஊரிலும் எண். அந்தப் போரில் நம் நாட்டிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் பட்ட ஒருவனுடையது. மாட்டுக்காக நடந்த ஒரு சண்டைதான். ஆனால் 'தீயன் அந்தவன்' என்று அவன் பெயரைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றும் வாசிக்கலாம்.

இந்தப் பெயர்களைக் கண்டுபிடிப்பது ஆகாத காரியம் அல்ல. இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் எனப்படும் அதே ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். பலருடைய பதிவில் 'இன்னாரின் மகன், இந்த ஊர், மதராஸ்' என்று தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. ஊர்ப்பெயரை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான் என்பதால் நாலைந்து விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இதைப் பொறுப்பாகக் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். கிடைக்கும் பெயர்களைப் பழைய பலகைக்குப் பக்கத்தில் தமிழில் வெட்டிப் பதிக்கக் கிராம சபையில் தீர்மானம் போடலாம். எல்லாப் பெயரும் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மூன்று பெயர் கிடைத்தால் மூன்றை வெட்டுவோம், மற்றதற்கு இடம் விட்டு வைப்போம்.

ஒரு வேண்டுகோள்: உற்சாகத்தில் பழைய பலகைமேல் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். பளிங்கை ஆசிட் அரித்துவிடும், இருக்கிற எழுத்தும் போய்விடும். தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். சாவடியை இடித்துப் புதிதாகக் கட்டும் ஊர்களில், கடப்பாறை போடுவதற்கு முன்பே பலகையைப் பத்திரமாகப் பெயர்த்தெடுத்து வையுங்கள்.

அந்தப் பெரியவர், தன் தாத்தாவின் தம்பி பெயரைத் தமிழில் எழுதி என் கையில் கொடுத்திருக்கிறார். மற்றவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது பெட்டியடியில் குதிரைவீரன் போட்ட பழைய வெள்ளிப் பதக்கம் கிடந்தால், தயவுசெய்து அதன் விளிம்பைப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்