‘மூட்டம்’ காமிக்ஸில் குறை கண்டுபிடித்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு, பெரியவர்களுக்கு, எட்டாம் வகுப்பு படிக்கும் விமர்சகர் ஒருவருக்கு,

வணக்கம்.

‘மூட்டம்’ முதல் பாகம் ஜெராக்ஸ் ஆகி, மடித்து, ஸ்டேப்ளர் அடித்துக் கைக்கு வந்துவிட்டது. ஏ5 அளவு, 24 பக்கம், கறுப்பு வெள்ளை. சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில், கிராக்கன் கடலோரம் படகு எஞ்சின் பழுது பார்க்கும் செல்வி என்ற பெண்ணின் கதை. படம் மட்டுமல்ல, எழுத்தும் கையால் எழுதியதுதான். உள் அட்டையில் நன்றி என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது அந்த வரிக்குள் அடங்கவில்லை, அதனால் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரை மட்டும் பெயர் சொல்லி அழைப்பது சரியாக இருக்காது. ஆகவே யார் பெயரும் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

பென்சில் பக்கங்களை நகல் எடுத்து, எழுதுவதற்கு ஓரத்தில் தாராளமாக இடம் விட்டுத்தான் உங்களிடம் கொடுத்தேன். ‘சூப்பர், அசத்திட்ட’ என்று எழுதித் தந்தவர்களுக்கு முதல் நன்றி. ராத்திரி தூக்கத்தை விட்டு வரைய அதுவும் வேண்டியிருக்கிறது. ஆனால் இன்று உங்கள் கையில் இருக்கும் புத்தகம் இப்படி இருப்பதற்குக் காரணம், ‘நாலாம் பக்கம், மூணாவது கட்டம், இது எப்படி?’ என்று எழுதியவர்கள்.

பிசிக்ஸ் சார், உங்களிடமிருந்து தொடங்குகிறேன். முதல் பக்கம் முழுக்க ஒரே படமாக, கடலுக்கு மேலே சனி உதிப்பதை வரைந்திருந்தேன். சாய்ந்த, அகன்ற வளையத்தோடு. நீங்கள் சிவப்பு மையில் மூன்று கேள்வி எழுதினீர்கள். டைட்டன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் சனிக்குக் காட்டுகிறது, அங்கே நிற்பவருக்குச் சனி வானத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும், அப்படியிருக்க எப்படி உதிக்கும்? டைட்டன் ஏறக்குறைய வளையங்களின் தளத்திலேயே சுற்றுகிறது, அங்கிருந்து பார்த்தால் விளிம்புதான் தெரியும், வளையம் ஒரு மெல்லிய கோடு, நீ ஏன் தாம்பாளம் போல வரைந்திருக்கிறாய்? மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. ‘கதைக்குப் பேரு மூட்டம். மூட்டம் எங்கே தம்பி?’

உண்மைதான். டைட்டனின் ஆரஞ்சு நிற மூட்டத்துக்கு அடியில் நிற்பவரின் கண்ணுக்குச் சனியே தெரியாது. முதல் பக்கமே போய்விட்டதே என்று நான் தலையில் கைவைத்தபோது வழி சொன்னவரும் நீங்கள்தான். சனியைச் சுற்றி ஆராய்ந்த காசினி விண்கலம் அந்த மூட்டத்தைத் தாண்டித் தரையைப் படம் பிடித்தது 938 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பில். ‘அந்தப் பெண்ணின் ஹெல்மெட் கண்ணாடிக்கு அந்தக் கண்ணைக் கொடு’ என்றீர்கள்.

இப்போதைய பதினேழாம் பக்கம் அப்படி வந்ததுதான். மேல் கட்டத்தில் வெறும் மூட்டம், கோடே இல்லை. செல்வி ஹெல்மெட் ஓரத்தில் இருக்கும் பித்தானை அழுத்துகிறாள். கீழ்க் கட்டத்தில் சனி, நம் நிலவைவிடச் சுமார் பதினோரு மடங்கு அகலமாக, நடுவே ஒரு கோட்டோடு. கிராக்கன் கடல் வட துருவத்தை ஒட்டி இருப்பதால் சனி தொடுவானத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகத்தான் இருக்கும் என்று கோணம் போட்டுக் காட்டினீர்கள். அதனால்தான் படகின் பாய்மரத்துக்குப் பின்னால் அதை வைக்க முடிந்தது. படித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாராட்டை நான் வாங்கிக்கொள்கிறேன், சார். யாருடைய யோசனை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சார் சொன்ன மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகில் தொங்கிய எண்ணெய் விளக்கு போயிற்று. கடல் முழுக்க மீத்தேன், ஈத்தேன் என்று எரிபொருளாகவே இருந்தாலும் காற்றில் ஆக்சிஜன் இல்லாமல் அங்கே தீப்பொறிகூடப் பற்றாது. கடலில் மிதந்த பனிப்பாறைகளும் போயின. திரவ மீத்தேன் தண்ணீர்க் கட்டியைவிட லேசானது, பாறை நேராக அடிக்குப் போய்விடும். மழைக்குச் சாய்வாக இழுத்திருந்த வேகக் கோடுகளையும் அழித்தேன். டைட்டன் மழைத்துளி ஒரு சென்டிமீட்டர் வரை பெரிதாகி, நொடிக்கு ஒன்றரை மீட்டர் போல நிதானமாக இறங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கே பெரிய துளிகள் நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து அடிக்கின்றன. மெதுவாக விழும் மழையை அசையாத படத்தில் காட்டுவது பெரிய பாடு. கடைசியில் துளிகளை உருண்டையாக வரைந்து, அடுத்தடுத்த கட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தினேன்.

அப்புறம் டிராயிங் மாஸ்டர். சுவர் விளம்பரம் எழுதிய கை உங்களுடையது, பத்தடி தூரத்திலிருந்து பார்த்துத்தான் எதையும் நம்புவீர்கள். என் பக்கங்களையும் சுவரில் ஒட்டி, எட்ட நின்று பார்த்துவிட்டு, ‘எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு, கறுப்பு எங்கப்பா?’ என்றீர்கள். எல்லாக் கட்டமும் மார்பளவு, எல்லாம் கண் மட்டம். ஹெல்மெட் மாட்டிய நாலு பேரில் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை. ஆறாம் பக்கத்தில் வலப்பக்கமாகப் போன படகு ஏழாம் பக்கத்தில் இடப்பக்கமாகப் போகிறது, திரும்பி வருகிறதா? இத்தனையும் நின்ற நிலையிலேயே சொன்னீர்கள்.

உடைப் பிரச்சினையைத் தீர்க்க சாரும் மாஸ்டரும் சேர வேண்டியிருந்தது. விண்வெளி என்றதும் நான் உப்பிய உடையை வரைந்துவிட்டேன். டைட்டனில் காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு, காற்றடைத்த உடைக்கு அங்கே அவசியமே இல்லை, குளிருக்குத் தடித்த உடுப்பும் மூச்சுக்கு ஆக்சிஜனும் போதும் என்றார் சார். குளிர் என்றால் மைனஸ் 179 டிகிரி! அப்படியானால் உடம்பு வாகு தெரியும்படி வரையலாமே என்று மாஸ்டர் பிடித்துக்கொண்டார். செல்விக்கு ஒட்டுப்போட்ட சட்டைக் கைகள், முதலாளிக்கு நீளக் கோட்டு, பையனுக்கு அளவு பெரிதான கால்சட்டை. இப்போது முகம் தெரியாவிட்டாலும் ஆள் தெரிகிறது.

இவர்கள் இருவரும் டீக்கடையில் ஒரு கயிற்றுக்காகப் போட்ட சண்டையையும் எழுதாமல் விட முடியாது. அங்கே எடை பூமியில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான், அதனால் நங்கூரக் கயிறு இவ்வளவு தொய்யக் கூடாது என்பது மாஸ்டர் கட்சி. இரண்டு முனைக்கு நடுவே தொங்கும் கயிற்றின் வளைவுக்கும் ஈர்ப்புக்கும் சம்பந்தமில்லை, கயிற்றின் நீளமும் முனைகள் இருக்கும் இடமும்தான் அதை முடிவு செய்யும், எந்த உலகத்திலும் அதே வளைவுதான் என்பது சார் கட்சி. கண்ணுக்குக் கனம் குறைவாகத் தெரிய வேண்டாமா என்று மாஸ்டர் விடவில்லை. கடைசியில் சார், ‘தொய்வில் காட்ட முடியாது, ஆட்டத்தில் காட்டலாம்’ என்றார். அதே நீளக் கயிறு அங்கே ஒருமுறை ஆடி முடிக்க இங்கே ஆவதைப் போல 2.7 மடங்கு நேரம் எடுக்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் செல்வி கயிற்றை விட்டுவிட்டு நடந்து, ஏணியில் ஏறி, கதவைச் சாத்துகிறாளே, அந்த மூன்று கட்டத்திலும் பின்னால் கயிறு இன்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சே இல்லாத அந்தப் பக்கம் அந்த டீக்கடை பெஞ்சில் பிறந்தது. டீக்கு யார் காசு கொடுத்தது என்பதில் இன்னும் ஒரு சின்னக் கணக்கு பாக்கி இருக்கிறது.

ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி வேறு மாதிரி. ஏ4-இல் வரைந்ததை ஏ5-க்கு இறக்கினால் 71 சதவீதம் ஆகிவிடும். 0.1 பேனாவில் நான் பொறுமையாகப் போட்ட நிழல் கோடெல்லாம் நகலில் காணாமல் போகும் என்று முதலிலேயே சொன்னவர் அவர். அதைவிட முக்கியம், புள்ளி. சின்னதாக வைத்த புள்ளிகள் நகலில் விழவே இல்லை. ‘என் கடல்’ என்று செல்வி உருக்கமாகச் சொல்வது ‘என கடல’ என்று வந்து நின்றது. எல்லாப் புள்ளியையும் தடித்த பேனாவால் மறுபடி வைத்தேன். தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் இடம் வேண்டும், வரிகளை நெருக்காதே என்பதும், வசனம் எழுதும் பலூனை வரைந்துவிட்டு எழுத்தைத் திணிக்காமல், எழுதி முடித்துவிட்டுச் சுற்றிப் பலூன் போடு என்பதும் அவர் சொன்னதுதான். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து, ஆங்கிலத்துக்காக அளவெடுத்த பலூன்களுக்குள் தமிழை அடக்கிக் காட்டியவர்களை நினைத்தால் இப்போது எனக்குத் தனி மரியாதை வருகிறது. நானோ சொந்த பலூனுக்கே திணறினேன். ‘பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று செல்வி சொன்னது மூன்று வரிக்கு உடைந்து தொங்கியது. அக்கா எட்டிப் பார்த்து, ‘வேலையா இருக்கேன்னு போடேன்’ என்றார். போட்டேன்.

எட்டாம் வகுப்பு விமர்சகரே, நீ சத்தமாகப் படித்துக் காட்டியதுதான் பெரிய உதவி. ஐந்தாம் பக்கத்தில் பதிலை முதலிலும் கேள்வியைப் பிறகும் படித்தாய். வலப்பக்க பலூன் கொஞ்சம் மேலே ஏறி இருந்ததுதான் காரணம். பெரியவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை, சமாளித்துப் படித்துவிட்டார்கள். ‘இந்த அக்கா எப்பத்தான் சாப்பிடுவாங்க?’ என்று நீ கேட்டதற்கு இரண்டாம் பாகத்தில் ஒரு சமையல் காட்சியே வருகிறது.

ஒரு நண்பர், ஒன்பதாம் பக்கத்தைக் குறுக்காக அடித்து, ‘செல்வி எதுக்குப் பாடம் எடுக்கிறா? அவ அங்கேயே பொறந்தவ, அவளுக்கு மீத்தேன் மழை அதிசயமா?’ என்று எழுதியிருந்தார். கோபம்தான் வந்தது. சார் சொன்னதையெல்லாம் வாசகருக்கும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் நான் எழுதிய வசனங்கள் அவை. ஆனால் அந்த பலூன்களை எடுத்துவிட்டுப் பார்த்தபோது படமே போதுமானதாக இருந்தது. நண்பா, நீ சொன்ன தொனி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சொன்ன விஷயத்துக்கு நன்றி.

வண்ணம் வேண்டும் என்று கேட்டவர்களே, கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாமே ஆரஞ்சு மங்கலில் கிடக்கும் ஊரைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கலர் ஜெராக்ஸ் விலையும் உங்களுக்குத் தெரியும். வில்லன் வேண்டும் என்றவர்களுக்கு: குளிர் இருக்கிறதே, போதாதா?

நேரில் பார்க்க வழியில்லாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் டைட்டனில் இறங்கி அனுப்பிய படம் ஒன்றுதான் என் தரைக்கெல்லாம் ஆதாரம். உருண்டைக் கற்கள் கிடக்கும் அந்தத் தரைப்படத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்ட ஐரோப்பிய விண்வெளி முகமைக்கும் நாசாவுக்கும் நன்றி. டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலத்தை 2028-இல் ஏவி, 2034-இல் அங்கே இறக்க நாசா திட்டமிட்டிருக்கிறது. அதற்குள் எல்லாப் பாகத்தையும் முடித்துவிட ஆசை. புதுப் படம் வந்தால் சார் மறுபடி சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்.

இரண்டாம் பாகத்தின் பென்சில் பக்கங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. இந்த முறை இரண்டு பக்க ஓரத்திலும் இடம் விட்டிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இளநீலப் பென்சிலால் மட்டும் குறிப்பு எழுதாதீர்கள், ஜெராக்ஸில் அது விழாது, அக்கா மிஷினைக் குறை சொல்லி என்னைத் திட்டுகிறார்.

அன்புடன்,
‘மூட்டம்’ வரைபவன்