மலை வீட்டு மிளகாய்க்கு ஆடிப்பட்டம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளிவரும் வீட்டுத்தோட்டக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மிளகாய் வளர்ப்பு பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவற்றை நம்பி உதகையிலும் கொடைக்கானலிலும் முதன்முறையாக விதை போடுகிறவர்கள், தங்கள் கை ராசியில்லாத கை என்று எண்ணி ஒரே ஆண்டில் கைவிட்டுவிடுவது வருத்தமளிக்கிறது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது கீழ்நாட்டுக்குச் சரி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் ஆடி என்றால் சாரலும் மூடுபனியும்தான். மிளகாய் விதை நன்றாக முளைக்க மண்ணில் 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். அந்தச் சூடு இல்லாமல் ஈரம் மட்டும் நின்றால், நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து நூலாக மெலிந்து, இரண்டு விதையிலைகளும் பச்சையாக இருக்கும்போதே செடி சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பது இதுதான். தப்பிப் பிழைத்த செடி பூவெடுக்கும் நேரத்தில் ஐப்பசி மழையும், அதைத் தொடர்ந்து மார்கழி உறைபனியும் வந்துவிடுகின்றன. குளிர் இரவுகளில் பூக்காம்பு மஞ்சளாகி, விரல் பட்டவுடன் பூ உதிரும். உறைபனி ஓர் இரவு படிந்தாலே இலைகள் வெந்தவை போலக் கறுத்துத் தொங்கிவிடும்.

ஆகவே இங்கு மாசியில் விதைப்பதே நல்லது. கொட்டாங்குச்சியின் கண்ணைத் திறந்துவிட்டு, மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பி, விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, அடுப்புச் சூடு இலேசாக எட்டும் இடத்தில் வைக்கலாம். முளை தெரிந்த அன்றே அதை வெளிச்சமான ஜன்னலோரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சமவெளியில் 40 முதல் 45 நாட்களில் நடவுக்கு வரும் நாற்று இங்கே இன்னும் சில வாரங்கள் கேட்கும்; அதற்குள் சித்திரை வெயில் வந்துவிடும். இருந்தாலும் உதகையில் சித்திரையிலும் இரவு குளிர்தான் என்பதால், கண்ணாடி அடைத்த முன்தாழ்வாரம் உள்ளவர்கள் தொட்டியை அங்கேயே வைத்து வளர்ப்பது உத்தமம். அங்கே காற்றும் தேனீயும் குறைவு; பூத்த கிளையை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் காய் பிடிக்கும்.

தேயிலைத் தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் நிரப்புவது நல்லதல்ல. அந்த மண்ணின் புளிப்புத் தேயிலைக்கு ஏற்றது, மிளகாய்க்கு ஆகாது. சிறிது சுண்ணாம்புத் தூள் கலக்க வேண்டும். இலை சுருளும்போது அது மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பூச்சி என்று பெரும்பாலும் அடையாளம் காணலாம். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளித்தால், ஆரம்ப நிலையில் இரண்டும் கட்டுப்படும்.

எந்த மிளகாயைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2007-ஆம் ஆண்டில் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டிக் கின்னஸில் இடம்பெற்ற பூத் ஜோலோகியாவின் விதையை ஆசையாக வாங்கி விதைப்பவர்கள் உண்டு. நீண்ட வெப்பப் பருவத்தை எதிர்பார்க்கும் அந்த வடகிழக்கு மாநிலத்து மிளகாயை உதகையில் முதல் செடியாக வைப்பது வீண் முயற்சி என்பதே என் கருத்து. விரைவில் காய்க்கும் சாதாரணப் பச்சை மிளகாயில் தொடங்கலாம். கூடலூர், தாண்டிக்குடி போன்ற தாழ்ந்த பகுதிகளில் இருப்பவர்கள் காந்தாரி வைக்கலாம். வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தச் சிறு காய்களின் காரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனிபடாமல் காத்தால் அதே செடி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் காய்க்கும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் விளையும் ரொக்கோட்டோ என்ற மிளகாய், ஊதாப் பூவும் கறுப்பு விதையும் உடையது. உறைபனியைத் தாங்காவிட்டாலும் மற்ற மிளகாய்களைவிடக் குளிரை நன்றாகத் தாங்குவது. நம் மலைகளுக்கு இத்தகைய வகைகளே தேவை. உதகை, கொடைக்கானல், தடியன்குடிசை ஆகிய இடங்களிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்கள் குளிர் தாங்கும் மிளகாய் வகைகளைத் தேர்ந்து, அவற்றின் நாற்றுகள் ஆண்டுதோறும் சித்திரையில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்க வழிசெய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் உதகைக்கு ஒன்று, குன்னூர், கோத்தகிரிக்கு ஒன்று, கூடலூருக்கு ஒன்று என உயரத்துக்கு ஏற்ற விதைப்புக் காலங்களைத் தை மாதத்திலேயே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
உதகை.