கடலோரத்தில் பியானோ வாங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பாவுக்கு டிஜிட்டல் பியானோ வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். யமஹாவா, ரோலண்டா, கேசியோவா என்று கேட்டிருக்கிறாய். 88 கீயும் நிஜப் பியானோபோலக் கனமாக இறங்கும் ஹேமர் ஆக்‌ஷனும் இருந்தால் மூன்றில் எதை எடுத்தாலும் சரிதான். 61 கீ கீபோர்டு மட்டும் வேண்டாம். அதன் லேசான கீயில் பழகிய விரல், நிஜப் பியானோவில் உட்கார்ந்தால் திணறிப்போகும். எனக்குக் கம்பெனியைவிட உன் வீட்டை நினைத்துத்தான் கவலை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஜன்னல் கம்பியே எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உனக்குத் தெரியும்.

ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதில் மிளகைவிடச் சிறிய கார்பன் புள்ளிகள், ஒரு கீக்கு இரண்டோ மூன்றோ. கீ இறங்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சர்க்யூட் போர்டைத் தொடும். முதல் புள்ளி தொட்டதற்கும் அடுத்தது தொட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் மெல்ல வாசித்தாளா, ஓங்கி அடித்தாளா என்று கருவி கண்டுபிடிக்கிறது. உப்பு கலந்த தூசி அங்கே படிந்தால், அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அப்புறம் கணக்கு தப்பிவிடும். மெல்லத் தொட்டாலும் ஒரு கீ மட்டும் அலறும், இல்லையென்றால் ஊமையாகிவிடும். அதுதான் முதல் அறிகுறி. வாரண்டி இருக்கும்போதே சர்வீஸுக்குச் சொல்லிவிடு. வாரண்டி முடிந்திருந்தால், விவரம் தெரிந்த டெக்னீஷியன் பட்டையைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பிசிறில்லாத துணியும் கொண்டு துடைத்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கீ இடுக்கில் எண்ணெயோ ஸ்பிரேயோ அடிக்க யாரையும் விடாதே.

ஆகவே கடல் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம், உள்ளறையில் வை. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவராக இருந்தால் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். வாசித்து முடித்ததும் கீயை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைத்துவிட்டு உறை போடு. சானிடைசர் போட்டுத் துடைத்தால் பிளாஸ்டிக் கெட்டுவிடும். உறைக்குள் சிலிக்கா ஜெல் போடச் சொல்வார்கள். துணி உறை காற்றைத் தடுக்காது, அதனால் பெரிய பலன் இல்லை.

அடுத்தது உயரம். சாப்பாட்டு மேஜை மேல் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். கீயின் மேல்பரப்பு தரையிலிருந்து சுமார் 73 செ.மீ. இருக்க வேண்டும். மேஜையே 75 செ.மீ., அதன்மேல் கருவியின் உயரமும் சேர்ந்தால் பாப்பா தோளைத் தூக்கிக்கொண்டுதான் வாசிப்பாள். கொஞ்ச நாளில் அதுவே பழக்கமாகி, பிறகு மாற்றுவது பெரும்பாடு. எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஆடும், முழங்காலும் இடிக்கும். கருவிக்கென்றே வரும் மர ஸ்டாண்டு வாங்கு. முழங்கை கீயின் மட்டத்துக்கு வரும்படி ஸ்டூலை ஏற்று. கால் தொங்கினால் மணைப்பலகையைப் போடு.

ஹெட்போன் வயர் உள்ளதாகவே இருக்கட்டும். ப்ளூடூத்தில் சத்தம் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி வரும், தாளம் குலைந்துவிடும். கருவியில் 6.3 மி.மீ. ஓட்டை இருந்தால் அதற்கேற்ற கன்வெர்ட்டர் வேண்டும். ஹெட்போன் போட்டாலும் கீ இடிக்கும் சத்தம் தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் விரித்துவிடு. ஸ்பீக்கரில் வாசிக்கும்போது வால்யூமை ரொம்பக் குறைக்காதே, குறைத்தால் சத்தம் வர வேண்டுமென்று குத்திக்குத்தி வாசிப்பாள்.

சத்தத்தை நீட்டிக்கக் காலால் அழுத்தும் பெடலைச் சொருகும்போதும் கருவியை ஆன் செய்யும்போதும் அதன்மேல் கால் இருக்கக் கூடாது. இருந்தால் சில கருவிகள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்: அழுத்தினால் சத்தம் அறுந்துபோகும், விட்டால் நீளும். பயப்படாதே, ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் போதும்.

கரண்டு போனால் இன்வெர்ட்டரே தாராளம், இது ஒரு பல்பு அளவுதான் இழுக்கும். அடாப்டர் புகைந்துபோனால் பின் பொருந்துகிறதே என்று கிடைத்ததை வாங்காதே. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, பின்னின் நடுப்பகுதி பிளஸா மைனஸா என்பதும் ஒத்துப்போக வேண்டும். இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடு. 2011-ல் தானே புயலையும், 2024-ல் ஃபெஞ்சலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளத்தையும் பார்த்த ஊர் நம்முடையது. தண்ணீர் வந்தால் முதலில் நனைவது தரையில் கிடக்கும் பெடலும் அடாப்டரும்தான். புயல் எச்சரிக்கை வந்ததுமே இரண்டையும் கழற்றி மேலே எடுத்து வை. ஸ்டாண்டில்லாத கருவி பெரும்பாலும் 11, 12 கிலோதான். இருவர் பிடித்தால் கட்டில் மேல் ஏற்றிவிடலாம்.

கடைக்குப் போகும்போது உன் ஹெட்போனைக் கையோடு எடுத்துப் போ. டெமோ பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, 88 கீயையும் ஒவ்வொன்றாக, ஒரே மெல்லிய அழுத்தத்தில் வாசித்துப் பார். ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால் வேறு பீஸ் எடுக்கச் சொல். சீரியல் எண்ணை பில்லில் எழுதி வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்