ரிசீவரா, தனித்தனிப் பெட்டிகளா?

அன்பு மகளுக்கு,

வீட்டில் படமும் பாட்டும் கேட்கும் ஹோம் தியேட்டருக்கு ரிசீவர் வாங்குவதா, ஒலியைப் பிரித்துக் கட்டுப்படுத்தும் ப்ராசசரையும் ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் பவர் ஆம்ப்பையும் தனித்தனியாக வாங்குவதா என்று கேட்டிருந்தாய். ரிசீவரையே வாங்கு. ஆனால் பின்புறத்தில் எல்லாச் சேனல்களுக்கும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் தனி ஒலிக்கு) ‘ப்ரீ-அவுட்’, அதாவது வெளி ஆம்ப்புக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு, இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கு. அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

ரேடியோ, ஒலியைச் சேனல்களாகப் பிரிக்கும் டீகோடர், வால்யூம், ஏழோ ஒன்பதோ ஆம்ப்கள் என எல்லாமே ரிசீவரில் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அத்தனை ஆம்ப்களும் பொதுவான ஒரே மின்வழங்கியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதனால் விவரத்தாளில் ‘சேனலுக்கு 100 வாட்’ என்று கண்டால் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படி. ‘8 ஓம், இரண்டு சேனல்கள் இயங்கும்போது’ என்று பெரும்பாலும் இருக்கும் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு). ஏழும் சேர்ந்து முழங்கினால் அந்த 100 கிடைக்காது. ஒரே சேனலில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதச் சிதைவோடு அளந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. அது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்.

இந்தக் குறை உன்னைப் பாதிக்குமா என்றால், அநேகமாக இல்லை. வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். நீ கேட்கிற அளவுக்குச் சில வாட்டே போதும். மீதியெல்லாம் திடீரென எழும் உச்சங்களுக்காக இருப்பது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுமையைச் சப்வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) தன் சொந்த ஆம்ப்பால் சுமந்துகொள்ளும்.

4 ஓம் ஸ்பீக்கர் என்றால் கதை வேறு. அதே வால்யூமில் 8 ஓம் ஸ்பீக்கரைப்போல இரு மடங்கு மின்னோட்டத்தை அது இழுக்கும். அறையும் பெரிதாக இருந்து, சத்தமாகவும் வைத்தால், ரிசீவர் சூடேறிப் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடலாம். அப்போது ப்ரீ-அவுட்டிலிருந்து ஒரு பவர் ஆம்ப்புக்கு ஒயர் இழுத்து முன்பக்க ஸ்பீக்கர்களை அதனிடம் ஒப்படைத்துவிடு. ரிசீவரை மாற்றவே வேண்டாம்.

தனிப்பெட்டிகளுக்கு ஆதரவாக நான் மனதார ஏற்கும் வாதம் ஒன்று உண்டு. பவர் ஆம்ப்புக்கு வயதாவதில்லை. ப்ராசசருக்குத்தான் சீக்கிரம் வயதாகிறது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் வீடுகளுக்கு வந்தது 2014இல். படத்தையும் ஒலியையும் கடத்தும் கேபிள் இணைப்பின் புதிய தரமான எச்டிஎம்ஐ 2.1 வெளியானது 2017இல். அதற்கு முந்தைய பெட்டி வழியாக நொடிக்கு 120 பிரேம் 4கே காட்சியை முழுத் தரத்தில் அனுப்ப வழியில்லை. ஆகவே நல்ல பவர் ஆம்ப் என்றைக்கு வாங்கினாலும் வீணாகாது. விலையுயர்ந்த ப்ராசசரைத்தான் யோசித்து வாங்க வேண்டும். பெட்டிகள் கூடக் கூட ஒயர்களும் கூடும், எர்த் இணைப்புகள் சுற்றிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் நுழையவும் இடமுண்டு.

படமே பார்க்கப்போவதில்லை, பாட்டு மட்டும்தான் என்றால் இரண்டு சேனல் இன்டகிரேட்டட் ஆம்ப் (வால்யூமும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருப்பது) ஒன்றே போதும்.

மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடு. காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அதிலும், அறையில் அதை எங்கே வைக்கிறாய் என்பதிலும்தான் இருக்கிறது. ரிசீவரை மூடிய அலமாரிக்குள் திணிக்காதே. மேலே காற்றோட்டம் வேண்டும்.

உன் ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருக்கிறது? அதையும் அறையின் நீள அகலத்தையும் எழுது. எந்த மாடல் என்று பிறகு சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா