தையல் இல்லாத ஆபரேஷன்

கோவில்பட்டி,
பங்குனி 14.

அன்புள்ள சுசீலாவுக்கு,

மங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆவணியில் நீ எழுதிய கடிதத்துக்குப் பங்குனியில் பதில் வருகிறதே என்று உனக்குக் கோபம் இருக்கும். அந்தத் திட்டையெல்லாம் சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஒரு மாதமாக இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நம் தையல் டீச்சரைப் பார்த்தேன்.

மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தினோம். பழைய மாணவிகள் பத்துப் பேர் சேர்ந்து பந்தல், சாப்பாடு, தண்டோரா, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவித்தது என்று மேல் வேலையைப் பார்த்துக்கொண்டோம். டாக்டர்களும் சிஸ்டர்களும் கருவிகளோடு திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். நான் பதிவு மேசையில் இருந்தேன். காலை ஏழு மணிக்கே வேப்பமரம் வரைக்கும் வரிசை. "பெயர் சொல்லுங்கம்மா" என்று தலை நிமிராமல் நான் கேட்டபோது, எதிரே நின்றவர் பெயரைச் சொல்லாமல், "மங்கையா? குரல் அப்படியே இருக்கிறதே" என்றார். நிமிர்ந்து பார்த்தால் டீச்சர். பக்கத்து வீட்டுச் சிறுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகம் இருந்த திசைக்குச் சற்று விலகி அவர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. நாற்பது வருஷம் கழித்து என்னை அடையாளம் கண்டுபிடித்தது அவர் காதுதான், கண் இல்லை.

நம் ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, தங்கை வீட்டு ஓரறையில் தனியாக இருக்கிறாராம். மூன்று வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பைத் தடவிப் பற்றவைத்து, சில்லறையை விரலால் எண்ணி, கிழிந்த புடவையை விரல் நுனியின் நிதானத்தில் தைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார். "வயசானால் இப்படித்தானே" என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது, சுசீ. ஒரு நூல் கோணினால் முழுப் பாவாடையையும் பிரிக்கச் சொன்னவர் பேசுகிற பேச்சா அது?

இரண்டு கண்ணிலும் புரை. வலக் கண்ணில் நன்றாக முற்றி, கண்மணிக்குள் மோர் தெளித்ததுபோல் வெள்ளையாக இருந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வலக் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்றார். இடக் கண்ணைப் பற்றி அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். அதில் உனக்கும் வேலை இருக்கிறது. டீச்சர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை தையல் போடுவீர்கள்?" என்பது. சிஸ்டர் பெண் சிரித்துக்கொண்டு, "தையலே கிடையாது பாட்டி, இது தையல் இல்லாத ஆபரேஷன்" என்றாள். டீச்சர் விடவில்லை. தையல் போடாமல் வெட்டிய இடம் எப்படி மூடும் என்று கேட்டார். அந்த இளம் டாக்டர், பின்னால் அத்தனை பேர் காத்திருக்கும்போதும், பொறுமையாகச் சொன்னார்: நேராக வெட்டாமல் வெள்ளை விழியில் சாய்வாக ஒரு சிறு சுரங்கம்போல் வழி செய்து, அதன் வழியே புரையை எடுத்துவிட்டு லென்ஸை வைப்பார்களாம், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமே அந்த வழியின் உதட்டை உள்ளிருந்து அமுக்கி மூடிக்கொள்ளுமாம். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்மடிப்பு" என்றார். அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லாமல் பேருந்தில் ஏறிவிட்டார்.

அந்தப் பேருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகாம் முடிந்ததும் அன்று சாயங்காலமே ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, படுக்கப் பாய் கொடுத்து, மறுநாள் ஆபரேஷன் செய்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கையில் கொடுத்து, அதே வேப்பமரத்தடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. ஆபரேஷன் இலவசம் என்றால் போதாதா, பேருந்தும் சோறும் எதற்கு என்று நம் தோழி ஓலைப்பெட்டி கூடக் கேட்டாள். போதாது. கூலிக்குப் போகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும், துணைக்கு வருபவரின் இரண்டு நாள் கூலியும், இறங்கி எந்தப் பக்கம் போவது என்ற பயமும் சேர்ந்தால் ஆபரேஷனின் விலையைவிடப் பெரிய விலை ஆகிவிடும். இதை முதலில் உணர்ந்து வழி செய்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியைத்தான் சொல்கிறேன். முடக்கு வாத நோயில் விரல்கள் கோணிப்போன பிறகு கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களுக்குத் தகுந்தாற்போல் கருவிகளைப் பிடிக்கப் பழகி, தன் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர். அரசாங்க வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர்கள் கொடுப்பதைக் கொண்டு இல்லாதவர்களுக்கும் அதே டாக்டர், அதே லென்ஸ் என்பது அவர் வகுத்த வழி. அந்த லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்று நூறு டாலர் ஆகும். ஏழைகளுக்குப் புரையை மட்டும் எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அது உடைந்தால் மறுபடி குருடுதான். உன் பெரியப்பா அந்தக் கண்ணாடியைத் தலைமாட்டில் துணி சுற்றி வைத்துக்கொண்டு தூங்குவது நினைவிருக்கிறதா? 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு அதன் விலை பத்தில் ஒரு பங்காக இறங்கியது. டீச்சர் கண்ணுக்குள் இருப்பதும் அப்படி வந்த வழியில் வந்ததுதான்.

மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். எல்லோரும் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். டீச்சர் குனிந்து தன் முந்தானையை எடுத்தார். மூன்று வருஷமாகத் தடவித் தடவித் தைத்த ஓரம். அதைக் கண்ணருகே கொண்டுபோனார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், திரும்பவும் பக்கத்தில் கொண்டுவந்தார். ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "மங்கை, ஜன்னல் கம்பி தெரிகிறது, வெளியே தென்னங்கீற்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது, இந்தத் தையல் மட்டும் ஏன் தெரியவில்லை?" என்றார். உள்ளே வைக்கும் லென்ஸ் தூரத்துக்குத்தான் பார்வை கொடுக்கும், கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டும், புண் ஆறி ஒரு மாதம் கழித்துத்தான் அளவு பார்ப்போம் என்று சிஸ்டர் விளக்கினாள்.

என் மனத்தில் முள்ளாக நின்றுவிட்ட விஷயம் இதுதான், சுசீ. கண்ணாடி.

முகாமுக்கு வந்தவர்களில் புரைக்காரர்களைப் பேருந்தில் ஏற்றினோம், அது எல்லோர் கண்ணிலும் பட்டது, கைதட்டினார்கள். ஆனால் வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேல் நாற்பதைத் தாண்டிய பெண்கள். தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், சத்துணவுக்கு அரிசி பொறுக்குகிறவர்கள். அவர்களுக்கு வந்திருப்பது நோயே இல்லை, வெறும் வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதானால் விறைத்துப்போய்க் கிட்டத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று பவர் போட்ட ஒரு கண்ணாடி போதும். எங்கள் முகாமில் கண்ணாடிக்கு மட்டும் சிறு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. அளவுச் சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "அடுத்த வாரம் கூலி வந்ததும் வாங்கிக்கிறேன்" என்று ஒவ்வொருத்தியாக நடையைக் கட்டினாள். அடுத்த வாரம் என்ற வாரம் அவர்களுக்கு வராது என்பது எனக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்காவது 2009 முதல் கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் அம்மாவையும் ஆச்சியையும் யார் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கிறார்கள்?

போகட்டும், கொடுப்பவர்களாவது சரியாகக் கொடுக்கிறார்களா? இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் ஒரு அமைப்பினர் (பெயர் வேண்டாம்) மேடை போட்டு, மாலை மரியாதையோடு, அளவே பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பவரில் கண்ணாடி மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு பால்காரத் தாத்தா அதைப் போட்டு இரண்டு நாள் தலைவலியில் கிடந்து, பிறகு எரவாணத்தில் செருகிவிட்டார். "கண்ணாடி எனக்கு ஒத்துக்காது தாயி" என்று இந்த முகாமுக்கும் வர மறுத்தார். தப்பாகக் கொடுத்த ஒரு கண்ணாடி, சரியான கண்ணாடிக்கும் கதவைச் சாத்திவிடுகிறது. அவரை அழைத்துவர நான் நான்கு முறை போக வேண்டியிருந்தது.

இந்தச் சின்னக் கண்ணாடி என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்குப் படித்தேன். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்து, பறித்த கொழுந்தை எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டவர்களின் பறிப்பு போடாதவர்களுடையதைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது என்று 2018இல் வெளியிட்டார்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை, பயிற்சி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கும் அப்படித்தான்: தடுத்திருக்கவோ சரிசெய்திருக்கவோ கூடிய பார்வைக் குறையோடு இருப்பவர்கள் குறைந்தது 100 கோடிப் பேர், அதில் 82 கோடிக்கும் மேல் வெறும் வெள்ளெழுத்துக்காரர்கள். நாம் புரையை நினைத்துப் பேருந்து விடுகிறோம். பெருங்கூட்டம் பேருந்தே தேவைப்படாமல் வாசலில் நிற்கிறது.

ஆகவே பத்துப் பேரும் மறுபடி கூடிப் பேசினோம். மறுபரிசோதனை நாளன்று, சீட்டு வைத்திருந்த அத்தனை பேருக்கும் நாங்களே கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடியின் சட்டத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று தட்டில் பரப்பிவைத்தோம், அது நான் பிடிவாதமாகச் சொன்னது. இலவசம் என்பதற்காகக் கறுப்புச் சட்டத்தை முகத்தில் அறைந்து அனுப்பக் கூடாது. ஒரு பூக்காரப் பெண் கால் மணி நேரம் கண்ணாடியில் முகம் பார்த்து, அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தாள். அவள் அதைக் கழற்றவே மாட்டாள், பார்த்துக்கொள்.

டீச்சருக்கு இரண்டரை. மாட்டிக்கொண்டு முந்தானையை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். "இதையா நான் தைத்தேன்?" என்றார். குரல் தழுதழுத்தது. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரே கொஞ்சம் கழித்து, "ஊசி இருக்கிறதா?" என்று கேட்டார்.

இனி உனக்கு வேலை. உன் மைத்துனர் பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் பிசிறு வெட்டுவதிலும் இருக்கும் பெண்களைப் பற்றி நீதானே சொன்னாய்? நாற்பத்தைந்து ஆனால் கண் பிடிக்கவில்லை என்று மேசையைவிட்டு எடுத்து, குறைந்த கூலிக்குப் பண்டல் கட்டப் போட்டுவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டாயே. அவர்களுக்குக் கை மழுங்கவில்லை, சுசீ. கண்ணாடி இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம் பரிசோதனைக்கு இடமும், சம்பளம் பிடிக்காத இரண்டு மணி நேரமும் அவர் கொடுத்தால் போதும்; ஆளுக்கு ஒன்று என்று கண்ணாடிச் செலவுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன். அவர் தயங்கினால் அசாம் கணக்கைச் சொல். இரக்கத்துக்கு அசையாவிட்டாலும் அதற்கு அசைவார்.

இப்போது இடக் கண். டீச்சருக்கு இடக் கண்ணில் புரைக்குப் பின்னால் நீர் அழுத்த நோயும் (கிளாக்கோமா) இருந்திருக்கிறது. வலியில்லாமல், சிவக்காமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்து நரம்பைக் கெடுத்துவிட்டது. அந்தக் கண் இனி வராது. எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பாது. அந்த டாக்டர் என்னிடம், இது குடும்பத்தில் தொடரும், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் உடனே பார்க்க வேண்டும் என்றார். டீச்சரின் தங்கையை அன்றே உட்காரவைத்துப் பார்த்துவிட்டோம். பிறகுதான் எனக்கு உன் அம்மாவின் ஞாபகம் வந்தது. கடைசி ஐந்து வருஷம் அம்மா எப்படி இருந்தார்கள் என்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம், நானும் பக்கத்தில் இருந்தேன். அதைப் புரை என்று நினைத்துக்கொண்டு நாம் காலம் தாழ்த்தினோம். போன தீபாவளிக்கு வந்தபோது நீ செல்போனைக் கை நீட்டிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்து ஓலைப்பெட்டியும் நானும் சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கடையில் நீயாக வாங்கிப் போட்டுக்கொண்டு பார்வை சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதே. கண் டாக்டரிடம் போ, அழுத்தம் பார்க்கச் சொல், சொட்டு மருந்து விட்டுக் கண் நரம்பையும் பார்க்கச் சொல். உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. அடுத்த கடிதத்தில் இரண்டு கண்ணின் அழுத்த அளவையும் எழுதினால்தான் நான் மேலே படிப்பேன்.

மற்றவை நேரில். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடு, டீச்சர் வீட்டுக்குச் சேர்ந்து போவோம். எட்டாம் வகுப்பு ஜன்னல் விவகாரம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை; உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்.

இத்துடன் அவர் உனக்காகக் கொடுத்த கைக்குட்டை இருக்கிறது. சங்கிலித் தையல். ஒரு மூலையில் இரண்டு கண்ணி விட்டுப்போயிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிரித்துத் தைக்கிறேன் என்று கேட்டார். நான் கொடுக்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

என்றும் உன்,
மங்கை