எங்கள் உளுந்து களத்துக்கு வரும் மாதத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உளுந்து இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2021 மே மாதம் நீக்கியது. சில மாதங்களுக்கு என்று தொடங்கிய அந்தச் சலுகை, கெடு முடியும்போதெல்லாம் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. மியான்மரிலிருந்து ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வாங்க ஐந்தாண்டு ஒப்பந்தமும் அதே ஆண்டில் போடப்பட்டது. வீட்டுக்கு வீடு இட்லி மாவு அரைக்கும் நாட்டில், விளைச்சல் போதாதபோது வெளியே வாங்கத்தான் வேண்டும். எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பதே என் கேள்வி.

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்போம். தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும்தான் அது வளர வேண்டும். ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. இப்போது அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் இயந்திரத்தை இறக்குகிறோம். முளைத்த பயிர் அதன் அடியில் நசுங்குகிறது. தப்பியதில் மஞ்சள் தேமல் நோய் விழுகிறது. இத்தனையும் தாண்டிப் பங்குனியில் செடியைக் களத்தில் போடும் நேரத்தில்தான், மியான்மரின் புதுச் சரக்கும் சந்தைக்கு வருகிறது. அங்கும் அது நெல்லுக்குப் பின் வரும் பயிர்; அறுவடைக் காலம் ஏறக்குறைய ஒன்றுதான். துறைமுகத்தில் இறங்கிய சரக்கின் விலையைச் சொல்லித்தான் வியாபாரி எங்கள் மூட்டைக்கு விலை வைக்கிறார்.

2025-26க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். துவரை, உளுந்து, மசூர் மூன்றிலும் விவசாயி கொடுப்பதை நான்கு ஆண்டுகளுக்கு மத்திய முகமைகள் வாங்கும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்ததை மனதார வரவேற்கிறேன். ஆனால் கொள்முதல் தாமதமானால், கடன்காரர் வாசலில் நிற்கும் சிறு விவசாயி அதுவரை மூட்டையை வைத்திருக்க மாட்டார்.

மஞ்சள் பட்டாணி இறக்குமதிக்கு 2025 நவம்பர் முதல் 30 சதவீத வரி விதித்த அரசால் இதையும் செய்ய முடியும். மார்ச், ஏப்ரல் இரு மாதங்களும் உளுந்து இறக்குமதிக்கு வரி போடட்டும். அதை நாங்கள் விதை வாங்கும் முன்பே, மார்கழியில் அறிவிக்கட்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மார்ச் முதல் வாரமே கொள்முதல் தொடங்கட்டும். பெயரில் சிட்டா இல்லாத குத்தகை விவசாயியிடமும், கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றை ஏற்று உளுந்தை வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் உளுந்து விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.