சமுதாய வானொலி நண்பர்களே, மணிக்கொரு முறை ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சமுதாய வானொலி நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், மைக் முன்னால் உட்காரும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். மணிக்கொரு முறையாவது நிலையத்தின் பெயர், ஊர், அலைவரிசை மூன்றையும் நிறுத்தி, தெளிவாக, பின்னணி இசையைக் குறைத்துக்கொண்டு சொல்லுங்கள். நான் கேட்கிற பல நிலையங்களில் ஜிங்கிள் வருகிறது. பெயர் பாட்டாக ஓடிவிடுகிறது, ஊர் வருவதே இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குத்தானே நடத்துகிறோம், அவர்களுக்குத் தெரியாதா என்று நீங்கள் நினைக்கலாம். தெரியாமல் போகிற நேரங்கள் உண்டு.

உங்களுக்கு ஒதுக்கப்படும் அலைவரிசைகள் கொஞ்சம்தான். 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா பல்கலைக்கழக வானொலி, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி, 90.4-இல் இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசையும் 90.4 தான். சென்னை எம்.ஓ.பி. வைணவக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி மூன்றும் 107.8. பொதுவாக 100 வாட் திறனுக்கு மேல் போகக்கூடாது, கோபுரம் 30 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று விதி இருப்பதால் சிக்னல் பொதுவாக வெகுதூரம் எட்டாது, அதனால் ஒரே எண்ணைப் பல ஊர்களுக்குக் கொடுக்க முடிகிறது. ஆகவே 90.4 என்ற எண்ணை மட்டும் வைத்து யாராலும் உங்களை அடையாளம் காண முடியாது.

பண்பலைக்கு (எஃப்.எம்.) இன்னொரு குணமும் உண்டு. மத்திய அலையில் (மீடியம் வேவ்) இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் மோதினால் இரண்டு குரலும் கலந்து கேட்கும், ஏதோ கோளாறு என்று உடனே புரியும். பண்பலையில் அப்படி இல்லை. வலுவான சிக்னலைப் பிடித்துக்கொண்டு, மற்றதை ரேடியோப் பெட்டி அப்படியே அமுக்கிவிடும். காரில் போகும்போது ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் நிலையமே மாறிப் போயிருக்கும், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை அப்படித்தான் இரண்டு ஊர்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் இரைச்சல், அப்புறம் ஒரு பெண் குரல். "வெள்ளிக்கிழமைக்குள் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுங்கள், இதுதான் கடைசி வாய்ப்பு" என்று அழகாக, அக்கறையோடு சொன்னார். எந்தப் பஞ்சாயத்து? அடுத்த அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டு ஜிங்கிள், நான்கு பாட்டு. ஊர் பெயர் வரவில்லை.

மனு என்றால் விசாரித்துக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை என்றால்? "கடலுக்குப் போக வேண்டாம்" என்ற வரியைப் பாதியில் வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம். வலை பின்னிக்கொண்டோ, வள்ளத்தில் எதையோ சரிசெய்துகொண்டோ பெட்டியைத் திருகியிருப்பார்கள். எந்தக் கரைக்குச் சொன்னது, எந்த நிலையம் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பது தெரியாவிட்டால் அந்த எச்சரிக்கையை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. 2017-இல் ஒக்கிப் புயல் வந்து போன பிறகு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடற்கரையில் குழப்பம் இன்னும் கூடுதல். வெப்பமான, காற்றில்லாத இரவுகளில் கடல்மேல் பண்பலை வெகுதூரம் போகும். இலங்கை நிலையங்கள் நம் கரையில் பக்கத்து வீட்டுக் குரல் போலக் கேட்கும். அங்கே ஒரு சூரியன் எஃப்.எம். இருக்கிறது, இங்கே வேறொரு சூரியன் எஃப்.எம். இருக்கிறது. இரண்டும் தமிழ், இரண்டிலும் நம் சினிமாப் பாட்டு. நாடே வேறு என்பதை வெறும் பெயர் சொல்லிவிடாது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. 1938-இல் சென்னை நிலையம் தொடங்கியபோது அதற்கு வி.யு.எம். என்ற அழைப்புக்குறி, அதாவது நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துகள், இருந்தது, 1939-இல் வந்த திருச்சிக்கு வி.யு.டி. இந்தியாவுக்கான வி.யு. என்ற முன்னெழுத்தோடு ஊரின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து, சென்னைக்கு அன்றைய மெட்ராஸின் எம். இன்றும் பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசும் நம் ஹாம் வானொலிக்காரர்கள் அந்த வி.யு.வைச் சொல்லித்தான் பேசத் தொடங்குகிறார்கள். அறிவிப்பாளர் நிதானமாக "திருச்சிராப்பள்ளி" என்று முடிக்கும்போது எங்கே இருக்கிறோம் என்பதில் சந்தேகமே இருக்காது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற அந்த நீண்ட பெயரை அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் எத்தனையோ முறை சொல்லியிருப்பார்கள், ஒருவருக்கும் சலிக்கவில்லை. அதைச் சொல்லும் விதத்துக்காகவே காத்திருந்தவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. ஒலிபரப்பைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், ஒவ்வொரு மணியை ஒட்டி வரும் இயல்பான இடைவெளியிலும், அழைப்பு எழுத்துகளைச் சொல்லி உடனே உரிமம் பெற்ற ஊரைச் சொல்ல வேண்டும். நடுவில் அலைவரிசை, உரிமதாரர் பெயர் போன்ற ஒரு சில விவரங்கள் மட்டுமே வரலாம். அப்படியொரு விதி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் நிகழ்ச்சி அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சில நேரங்களில் மணிக்கொரு முறை போதாது. ஆகாசவாணிச் செய்தியை நீங்கள் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யும்போது கேட்கிறவர் அதை ஆகாசவாணி நிலையம் என்றே எடுத்துக்கொள்வார். அதனால் செய்திக்கு முன்னும் பின்னும் உங்கள் பெயர் வர வேண்டும். வேறு நிலையத்திடமிருந்து வாங்கிய நிகழ்ச்சி என்றால் இன்னும் கவனம் தேவை. அதற்குள்ளேயே அவர்களுடைய நிலைய அறிவிப்பு ஒட்டிக்கொண்டு வரும், பத்தாவது நிமிடத்தில் உங்கள் அலைவரிசையில் வேறொரு ஊர் பேசும். ஒலிபரப்புமுன் ஒருமுறை முழுதாகக் கேட்டு அதை வெட்டிவிடுங்கள், தயாரித்தவர்களுக்கு நன்றியை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கார் ரேடியோவில் பெயர் எழுத்தாக ஓடுகிறதே என்று சிலர் சொல்வார்கள். எல்லா நிலையமும் அதை அனுப்புவதில்லை. கடைவீதியில் வாங்கிய சின்னப் பெட்டியில் ஒரு முள்தான் இருக்கும். பார்வையற்ற நேயருக்குத் திரையால் பயனே இல்லை.

யார் குரலில் சொல்வது? உங்கள் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்று உரிமமே சொல்கிறது. நிலைய அறிவிப்பையும் அவர்களிடம் கொடுங்கள். மீன் விற்கும் அக்கா, ரேஷன் கடைக்காரர், ஆறாம் வகுப்புப் பிள்ளை, ஆளுக்கு ஒன்று. எக்கோ வேண்டாம், வேகம் கூட்ட வேண்டாம். இரவு ஒலிபரப்பை முடிக்கும்போது மறுநாள் எத்தனை மணிக்குத் திரும்ப வருவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பல நிலையங்கள் இப்போது பாட்டின் நடுவிலேயே அறுந்துபோகின்றன. மின்சாரம் போனதா, முடித்துவிட்டீர்களா என்று தெரிவதில்லை.

தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்கிற எங்களைப் போன்றவர்கள் நேரம், அலைவரிசை, ஒலித்தரம் எல்லாம் குறித்து உங்களுக்கு எழுதுவோம். உங்கள் சிக்னல் எங்கெல்லாம் எட்டுகிறது என்பதை அதிலிருந்து நீங்கள் காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். ஆனால் யாருக்கு எழுதுவது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். என் குறிப்பேட்டில் "90.4, பெயர் சொல்லவில்லை" என்று பல வரிகள் இருக்கின்றன. அந்த நிலையங்களுக்கெல்லாம் நான் இன்னும் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்